பத்துக்கு ஒன்பது

குடும்ப நல அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அன்று காலை பதினான்கு பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை என்பது அவர்களாகக் கேலிக்கு வைத்துக்கொண்ட பெயர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆய்வுக்காரப் பெண் அதை அளவீடு என்றாள். சமூகப் பணியாளர்களுக்குத் தங்கள் தொழில் திறமையில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்கிற தாள். முப்பத்தெட்டு வாக்கியங்கள். எல்லாமே 'என்னால் முடியும்' என்று முடிபவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை கட்டங்கள். பெயர் எழுத வேண்டாம், இதில் சரி தப்பு கிடையாது, மனதில் பட்டதைக் குறித்தால் போதும் என்று அந்தப் பெண் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

கண்காணிப்பாளர் கதவில் சாய்ந்துகொண்டு வேறு மாதிரி சொன்னார்.

"போன வருஷம் நம்ம ஆபீஸ் சராசரி ஆறு. பக்கத்து ஆபீஸ் எட்டு. உங்க ஆளுங்களுக்கு அவங்க மேலயே நம்பிக்கை இல்லையான்னு மேல கேக்கறாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? உண்மையத்தான் எழுதணும். ஆனா கொஞ்சம் தாராளமா எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே நான்கு நாட்களாக விடாத மழை. மூலையில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் ஈரக்குடைகள் செருகியிருந்தன. அவற்றில் பெரியது, ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுடையது. அந்தக் குடையை வைத்துத்தான் வட்டாரம் முழுக்க அவளுக்குக் குடைக்காரம்மா என்று பெயர். நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக இதே வேலை. அவள் ஏறி இறங்காத மாடிப்படி அங்கே குறைவு.

அவள் மளமளவென்று குறித்துக்கொண்டு போனாள். கோபத்தில் இருப்பவரிடம் பொறுமையாகப் பேச என்னால் முடியும். ஒன்பது. ஒரு குடும்பத்தின் பலங்களை அடையாளம் காண என்னால் முடியும். பத்து. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று கண்டுகொள்ள என்னால் முடியும். அதற்கு ஒன்பது போட்டாள். அடுத்த வாக்கியத்தைப் படிக்கும்போது கைப்பை அதிர்ந்தது. பூட்டுக்கடைக்காரர் ஒருவர் பேசினார்.

"குடைக்காரம்மா, நீங்கதானே? போன தடவை வந்தப்ப நம்பர் குடுத்துட்டுப் போனீங்களே. பூட்டு ரிப்பேர் கடை."

"சொல்லுங்கண்ணே."

"மேல்வீட்டுத் தையல்காரம்மாவைத் திங்கக்கிழமையிலேருந்து காணோம்மா. அந்தச் சின்னப் பொண்ணு அம்மா உள்ள இருக்கு, குளிச்சுட்டிருக்குன்னு சாதிக்குது. கதவைத் தொறக்க மாட்டேங்குது."

அன்று வியாழக்கிழமை. அவள் தாளை நான்காக மடித்துப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ் ஊர்ந்து போனது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளுத்திருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போனதை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

பூட்டுக்கடைக்கு மேலே இரண்டே அறை. முதல் அறையில் தையல் மெஷின். பள்ளிக்கூடப் பைகளுக்குத் தோள்பட்டி தைக்கிற வேலை. வெட்டிய கேன்வாஸ் துண்டுகள் ஒரு பக்கம், தைத்தவை ஒரு பக்கம், நூல்கண்டுகள் நிறவாரியாக ஆணியில். உள்ளறையில் கட்டிலில் புருஷன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தவன், நான்காவது மாடி உயரத்திலிருந்து விழுந்து, மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய் ஒன்றரை வருடம். அவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பத்து வயதில் ஒரே பெண்.

எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. விரிப்பில் சுருக்கம் இல்லை. வாடை இல்லை.

"ராத்திரி முழுக்க அலாரம் வச்சு எழுந்திருக்கறேன் மேடம்" என்றாள் தையல்காரி. மெஷினை விட்டு எழாமலேதான் பேசினாள். "பகல்ல கண்ணைச் சொருகுது. நேத்து ஊசி விரல்ல ஏறிடுச்சு. நான் பள்ளிக்கூடம் போகலம்மா, நீ படுன்னு இவ சொல்றா. போன மாசம் ஒன்பது நாள் போகல. என்னால முடியல மேடம். நெஜமா முடியல."

அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் வினை. குடைக்காரம்மாவும் சிரித்தாள்.

"முடியலன்னு சொல்றவங்க வீடு இப்படியா இருக்கும்? இவ்வளவு நல்லாப் பாத்துக்கறவங்களை நான் பாத்ததே இல்லம்மா. கவலையே படாதீங்க. வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆளுக்கு எழுதறேன். ரெண்டு வாரத்துல வந்துடுவாங்க. நான் இருக்கேன்ல."

அலுவலகத்துக்குத் திரும்பி மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினாள். வீட்டுச் சுத்தம், பத்துக்கு ஒன்பது. பராமரிப்பவரின் திறமை, பத்துக்கு ஒன்பது. 'குடும்பம் சமாளிக்கும்' என்று கீழே ஒரு வரி. மார்க் கூடினால் அவசரம் குறைவு என்று அர்த்தம். விண்ணப்பம் இரண்டாம் வரிசைக்குப் போயிற்று. இரண்டு வாரம் நான்காகி, நான்கு ஆறாகியது. நடுவில் தையல்காரி இரண்டு தடவை போன் பண்ணினாள். வரிசையில் இருக்கிறது என்று சொன்னதும் சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள்.

பூட்டுக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலில் நின்றிருந்தார். அறுபது வயது. கழுத்தில் கண்ணாடி தொங்கியது.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"சத்தம்மா. பத்து வருஷமா அந்த மெஷினுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். துணி ஓடினா ஒரு சத்தம், தடிச்ச கேன்வாஸ் ஓடினா ஒரு சத்தம். மூணு நாளா சும்மா ஓடுது. நூலும் இல்ல, துணியும் இல்ல. கடகடன்னு ஓடுது, நிக்குது. மறுபடி ஓடுது. நேத்து சாயந்திரம்தான் எனக்கு உறைச்சுது, ஓட்டறது அம்மா இல்லன்னு. மேல போய்த் தட்டினா, அம்மா குளிக்கறாங்கங்குது. காலையில தட்டினேன், அப்பவும் குளிக்கறாங்களாம். பன்னெண்டு மணி நேரமா குளிக்கறாங்க?"

அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

படியெல்லாம் ஈரம். மேலே போனபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் தட்டியதும் நின்றது.

"கண்ணு, நான்தான். குடை ஆன்ட்டி."

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

"சரி. வர்ற வரைக்கும் நான் உள்ள உக்காந்திருக்கேனே."

"அம்மா யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"எப்பப் போனாங்க?"

உள்ளே மெஷின் ஒரு தடவை ஓடி நின்றது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அப்பாவும் சாப்பிட்டாரு. எல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி. நீங்க போங்க."

உள்ளே இருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. பேச்சு இல்லை, முனகல்.

"பாப்பா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லயா?"

"தொறந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

குடைக்காரம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இல்லை கண்ணு, மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ கதவுகளை அவள் அப்படித்தான் திறந்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் பூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா பூட்டு தொறக்கறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். "உள்ள இருக்கற ஆளு வேணாம்னு சொல்லச் சொல்லத் தொறந்ததில்ல." மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சிறுமி மெஷினுக்கு முன்னால் அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கால் எட்டாததால் மிதிபலகை மேல் ஒரு மரக்கட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தாள். அழவில்லை. ஓடவும் இல்லை. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

உள்ளறையின் வாடை கதவு தாண்டியே முகத்தில் அடித்தது. சாரக்காரனுக்குக் காய்ச்சல் கொதித்தது. உதடு வெடித்திருந்தது. ஒருபக்கமாகப் படுத்திருந்தான். முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் தோள்பட்டிக் கேன்வாஸை மடித்து மடித்துத் திணித்திருந்தது. சுவரில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பென்சிலால் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மணிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். மூன்று நாட்களின் டிக்குகள். நேற்று இரவில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

குடைக்காரம்மா விரிப்பை விலக்கினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் போயிருந்தது. நடுவில் கறுத்துப்போய்க் குழி.

"இவளக் கூட்டிட்டுப் போங்க" என்றான் அவன். "என்னை விடுங்க. நேத்திலேருந்து இது ஒண்ணுமே திங்கல. பால் தீந்துபோச்சு. இருந்த உருளைக்கிழங்கை மசிச்சு எனக்குக் குடுத்துட்டு, இது சர்க்கரைத் தண்ணி குடிக்குது. கத்திக் கூப்பிடலாம்னு பாத்தேன். சத்தம் வரல. நெஞ்சுல பலமில்ல. அவ மேல தப்பில்ல. என் பொண்டாட்டி மேல தப்பில்ல."

சிறுமி மிதிப்பதை நிறுத்திவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ரெண்டு தடவ தூங்கிட்டேன் ஆன்ட்டி" என்றாள். "அலாரம் அடிச்சுது. நான் எந்திரிக்கல. அதனாலதான் அது வந்துடுச்சு."

"இல்ல கண்ணு. ரெண்டு தடவையில இது வராது. உன் தப்பு இல்லவே இல்ல."

"அப்ப யாரு தப்பு?"

பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடைக்காரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். முகவரியை இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் குழந்தையை ஏற்ற முடியாது என்றார்கள். பெரியவர் யாரும் கூட இல்லாத குழந்தையை வீட்டில் விடவும் முடியாது.

"நான் வச்சுக்கறேம்மா" என்றார் பூட்டுக்காரர். "அவங்க அம்மா வர்ற வரைக்கும். கடையிலயே இருக்கட்டும். ரொட்டியும் முட்டையும் ஆக்கத் தெரியும் எனக்கு."

"நீங்க தனியா இருக்கீங்கண்ணே. விட மாட்டாங்க."

"பத்து வருஷமா தெரியும் இந்தப் புள்ளைய. பொறந்த அன்னிக்கே பாத்தவன்."

"எனக்குத் தெரியும். ஆனா சட்டம் அப்படி இருக்கு."

ஸ்ட்ரெச்சர் படியில் இறங்கும்போது சாரக்காரன் மகளைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். கோணத்தில் அவள் தெரியவில்லை. சிறுமி மெஷின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குடைக்காரம்மா செய்தாள். குழந்தைகள் இல்லத்துக்குப் போகிற வழியெல்லாம் அவள் குடையைச் சிறுமியின் பக்கமே சாய்த்துப் பிடித்தாள். சிறுமி வேண்டுமென்றே விலகி மழையிலேயே நடந்தாள்.

மறுநாள் ஆய்வுக்காரப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள்.

"மேடம், எல்லாத் தாளும் வந்துடுச்சு. உங்களுது மட்டும் பாக்கி. முடிஞ்சா."

குடைக்காரம்மா பையிலிருந்து எடுத்து மேஜையில் பிரித்தாள். மடிப்பெல்லாம் நனைந்து மை பரவியிருந்தது.

"இதுல போட்டதை மாத்தலாமாம்மா?"

"அன்னிக்கு மனசுல என்ன இருந்துதோ அதுதான் மேடம் எங்களுக்கு வேணும். பின்னாடி யோசிச்சு மாத்தினா கணக்கு மாறிடும்."

"அன்னிக்கு மனசுல இருந்தது இதுதான். அதுல பொய் இல்ல." ஒன்பது போட்ட கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "நான் கண்டுபிடிச்சிடுவேன்னுதான் நெனச்சேன். நெனப்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு இது அளக்குது. நெனச்சது சரியான்னு எதும்மா அளக்கும்?"

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நேர்மையாகவே சொன்னாள். "அதுக்கு எங்ககிட்ட தாள் இல்ல மேடம்."

மிச்சமிருந்த கேள்விகளுக்கும் குறித்துக் கொடுத்தாள். என்ன போட்டாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. அந்த வருடம் அலுவலகத்தின் சராசரி எட்டைத் தொட்டது. கண்காணிப்பாளர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

தையல்காரி பதினோராவது நாள் வந்தாள். அலுவலகத்தின் கீழ்த்தளத்துப் பெஞ்சில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கிற இடம். சலவைக் காரத்தில் விரல் இடுக்கெல்லாம் உரிந்திருந்தது. குடைக்காரம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. சூட்டுக்காகக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அவரு இருக்காரா மேடம்?"

"இருக்காரு. புண்ணை வெட்டி எடுத்திருக்காங்க. காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு வருது."

"பாப்பா?"

"நல்லா இருக்கா. பேசத்தான் மாட்டேங்கறா."

தையல்காரி தலையை ஆட்டினாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆள் வந்தாச்சா மேடம்? வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆளு?"

"ஆர்டர் வந்துடுச்சு. நாலாவது நாளே வந்துடுச்சு. அவசரம்னு முதல் வரிசையில போட்டுட்டாங்க."

"பாத்தீங்களா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நான் அங்க இருக்கற வரைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். நல்லாப் பாத்துக்கறாளே, இவளுக்கு என்னன்னு விட்டுருவீங்க. நான் இல்லன்னா வந்துதானே ஆகணும்? செவ்வாக்கிழமையே வந்துடுவீங்கன்னு நெனச்சேன். மிஞ்சிப் போனா புதன். மெஷின் சத்தம் நின்னா கீழ்க்கடை அண்ணன் உங்களைக் கூப்பிட்டுடுவாருன்னு இருந்தேன். பாப்பாகிட்ட, யாரு தட்டினாலும் தொறன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவ தொறக்காம இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? மெஷினை ஓட்டுவான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

குடைக்காரம்மா டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் அறிக்கை எழுதினாள். வழக்கமாக அரைப்பக்கம் எழுதுகிற இடத்தில் மூன்று பக்கம் போயிற்று. தாய் விட்டுவிட்டுப் போனதை மறைக்கவில்லை. கூடவே இதையும் எழுதினாள்: 'ஆறு வாரங்களுக்கு முன்பே தாய் என்னிடம் தெளிவாக உதவி கேட்டார். தன்னால் முடியவில்லை என்று இரண்டு முறை சொன்னார். நான் வீட்டின் சுத்தத்தைப் பார்த்துத் தவறாக மதிப்பிட்டேன். அவருடைய தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகும் நான் போய்ப் பார்க்கவில்லை. தந்தையின் உடல்நிலைக்கும் மகளின் நிலைக்கும் என் மதிப்பீடும் காரணம்.'

கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எதுக்கக்கா உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? பத்தொன்பது வருஷ சர்வீஸ். இதை மேல அனுப்பினா விசாரணை வைப்பாங்க. உங்களை ஃபீல்டுலேருந்து எடுத்துடுவாங்க. கடைசி ரெண்டு பத்தியை மட்டும் எடுத்துடலாம். அந்தம்மா விட்டுட்டுப் போனது உண்மைதானே?"

"உண்மைதான். அது மட்டும் உண்மையா இருந்தா அவளுக்குப் பொண்ணு கிடைக்காது."

"இப்ப மட்டும் கிடைச்சுடுமா?"

குடைக்காரம்மா தாளைத் திருப்பி வாங்கவில்லை.

குழந்தைகள் நலக் குழு ஒரு மாதம் கழித்துக் கூடியது. தாய் சனிக்கிழமைகளில், பணியாளர் முன்னிலையில், ஒரு மணி நேரம் மகளைப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி யோசிப்பார்கள். சாரக்காரன் ஆஸ்பத்திரி வார்டிலேயே இருக்க வேண்டியதுதான். குணமாகி வீடு திரும்புவதைப் பற்றி மருத்துவர்கள் பேசவில்லை. அதே வாரம் குடைக்காரம்மாவுக்கும் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தது.

முதல் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. இல்லத்தின் பார்வையாளர் அறையில் பச்சை மேஜை, மூன்று நாற்காலி. சிறுமிக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தையல்காரி கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாக ஒரு காகிதத்தில் அடுக்கினாள். சிறுமி தொடவில்லை.

"அப்பாவுக்கு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவருக்குத்தான் அங்க உணர்ச்சி இல்லையே கண்ணு."

"தெரியும். ஆனா வலிக்குதா?"

தையல்காரி சுளைகளை மறுபடி வரிசைப்படுத்தினாள். சிறுமி அம்மாவின் உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அங்கிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நேரமாகிவிட்டது என்று இல்லத்து அம்மாள் வந்து சொன்னதும் எழுந்து நின்றாள். கதவு வரை போய், திரும்பி வந்து, காகிதத்தைச் சுளைகளோடு சேர்த்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். தையல்காரிக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ், மற்றவளுக்கு எதிர்த்திசை.

"அடுத்த சனிக்கிழமை நீங்கதானே மேடம் வருவீங்க?"

குடைக்காரம்மா ரோட்டைப் பார்த்தாள். விசாரணை புதன்கிழமை.

"தெரியலம்மா."

"பாப்பா என்கிட்ட வந்துடுவாளா?"

"அதுவும் தெரியல. நெஜமாவே எனக்குத் தெரியல."

தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளு என் அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டு வந்தாரு மேடம். மூணு பேரையும் வீட்டோட கூட்டிட்டுப் போறேன், கீழ ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்னாரு. நான்தான் வேணாம்னேன். மேடம் எழுதியிருக்காங்க, ரெண்டு வாரத்துல ஆள் வந்துடும், எதுக்கு உனக்குத் தொந்தரவுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்பறம் கூப்பிட எனக்கு வெக்கமா இருந்துது."

ஆஸ்பத்திரி பஸ் வந்து நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினாள்.

"அன்னிக்கே இந்தத் தெரியலயைச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள். "நான் அண்ணன் கூடப் போயிருப்பேன்."